தமிழ்நாட்டில் அரசு நிதியிலான மருத்துவ சேவை

தமிழ்நாட்டில் அரசு நிதியிலான மருத்துவ சேவை என்பது வரிப்பணத்தைக் கொண்டு மாநில அரசும் மத்திய அரசும் மக்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ அளிக்கும் மருத்துவ வசதிகளைக் குறிக்கும். இது இரு வழிகளில் நடைபெறுகிறது. அரசே மருத்துவமனைகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் கட்டி, மருத்துவர்களைப் பணியமர்த்தி நடத்துவது முதலாவது வழி. குறிப்பிட்ட வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்காகக் காப்பீட்டுத் தொகை செலுத்தி, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் அவர்கள் சிகிச்சை பெறச் செய்வது இரண்டாவது வழி. இது 2009 ஆம் ஆண்டு முதல் பெருமளவில் நடைமுறையில் உள்ளது.

அரசு மருத்துவத்திற்குப் பணம் செலவிட வேண்டுமா என்பது பற்றித் தமிழ்நாட்டில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மாறி மாறி ஆட்சி செய்த கட்சிகள் அனைத்தும் அதை ஏற்றுள்ளன. அப்பணத்தை எந்த வழியில் செலவிடுவது என்பதே இங்கு விவாதப்பொருள். சென்னையின் தெற்குப் புறநகரில் தாம்பரம் முதல் காட்டாங்குளத்தூர் வழியாகச் செங்கல்பட்டு வரை செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், சுமார் 30 கி.மீ. தொலைவுக்குள், இரு வழிகளின் நிறைகளையும் குறைகளையும் காண இயலும்.

பின்னணி

சென்னை மாகாணத்தில் அரசு மருத்துவமனைகளின் வரலாறு 1664 ஆம் ஆண்டு புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கப்பட்ட மருத்துவமனையிலிருந்து தொடங்குகிறது. அது முதலில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரர்களுக்காக ஏற்பட்டது. பொதுமக்களுக்கான சேவை பின்னரே வந்தது. 1939 ஆம் ஆண்டில் சென்னை பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய்க் கட்டுப்பாடு ஆகியவற்றை உள்ளாட்சிகளின் சட்டபூர்வமான கடமையாக்கிய இச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. நோய்த்தடுப்புக்கெனத் தனி இயக்ககமும், அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்ற அலுவலர் அணியும் தமிழ்நாட்டில் தொடர்ந்து இருந்து வருவது பிற மாநிலங்களிலிருந்து இதனை வேறுபடுத்திக் காட்டும் கூறாகும்.

இந்திய அளவில் சர் ஜோசப் போர் தலைமையில் 1943 இல் அமைக்கப்பட்ட குழு 1946 இல் அறிக்கை அளித்தது. பணம் செலுத்த இயலாத காரணத்தால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பது இக்குழுவின் அடிப்படைக் கொள்கை. ஆரம்ப சுகாதார நிலையம் என்னும் அமைப்பு இவ்வறிக்கையிலிருந்து உருவானது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் இக்குழுவின் உறுப்பினர்களுள் ஒருவர். பின்னர் 1959 இல் அமைந்த மற்றொரு குழுவுக்கு அவரே தலைமை வகித்தார். அரசு மருத்துவர்கள் தனியாகத் தொழில் செய்வதைத் தடை செய்ய வேண்டும் என்று போர் குழு பரிந்துரைத்தது. தமிழ்நாடு இதனை ஏற்கவில்லை. பணிநேரத்திற்குப் புறம்பே சொந்தமாக மருத்துவம் பார்க்க இங்கு அனுமதி உண்டு. இதன் விளைவுகள் பின்னர் கூறப்படுகின்றன.

அரசியலமைப்புச் சட்டத்தின்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. மக்கள் நலவாழ்வை மேம்படுத்துவது அரசின் கடமை என்று 47 ஆம் உறுப்பு கூறுகிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி மட்டுமே. 1996 ஆம் ஆண்டு மேற்கு வங்காள வழக்கொன்றில், அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிற நாடுகளில்

ஜெர்மனி 1883 இல் தொழிலாளர்களுக்கான கட்டாய மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. ஐக்கிய இராச்சியம் 1948 சூலை 5 முதல் தேசிய சுகாதார சேவையை நடத்தி வருகிறது. அங்கு மருத்துவமனைகளும் பெரும்பாலும் அரசுடையவை. கனடாவில் நிலைமை வேறு: சஸ்காச்சுவான் மாகாணம் 1962 இல் தொடங்கி வைத்த முறையில் மருத்துவர்கள் தனியாகவே தொழில் செய்வர், கட்டணத்தை மட்டும் அரசு செலுத்தும். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் முதல் முறையையும், காப்பீட்டுத் திட்டம் இரண்டாவது முறையையும் ஓரளவு ஒத்தவை.

தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமான ஒப்பீடு இலங்கையாகும். அங்கு அரசு மருத்துவமனைகளில் கட்டணம் 1951 இல் நீக்கப்பட்டது. குறைந்த வருமானமுள்ள நாடாக இருந்தபோதே தாய், சேய் இறப்பைப் பெருமளவு குறைத்ததற்கு இலங்கை அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. வரிப்பணத்தை மட்டும் நம்பிய சேவையின் பலவீனமும் அங்கேயே வெளிப்பட்டது. 2022 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது அரசு மருத்துவமனைகளில் மருந்துகள் தீர்ந்து அறுவை சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன.

மருந்துக் கொள்முதல்

தமிழ்நாட்டு முறையின் மிகச் சிறந்த கூறு எது என்று கேட்டால், பலரும் மருத்துவமனைகளைச் சொல்வதில்லை. மருந்துக் கிடங்கைச் சொல்கின்றனர். 1990களின் தொடக்கம் வரை அரசு மருத்துவமனைகளில் மருந்து வாங்குவதில் முறைகேடுகளும் தட்டுப்பாடும் மிகுந்திருந்தன. 1994 இல் பதிவு செய்யப்பட்டு 1995 இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இந்நிலையை மாற்றியது.

இக்கழகம் வணிகப் பெயரில் அல்லாது மூலப்பெயரில் மருந்துகளை ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குகிறது. வந்து சேரும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரிகள் எடுக்கப்பட்டு, தயாரித்தவர் பெயர் மறைக்கப்பட்டு, ஆய்வகத்திற்கு அனுப்பப்படுகின்றன. தேறிய பின்னரே மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து வெளியே செல்லும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற ஒரு புத்தகம் உண்டு. அதில் ஆண்டு ஒதுக்கீடு வரவாகவும், எடுத்த மருந்தின் விலை பற்றாகவும் பதியப்படும். மருந்து அட்டையின் மீது விற்பனைக்கு அன்று என்னும் வாசகம் அச்சிடப்பட்டிருப்பதால் வெளிச்சந்தையில் விற்பது கடினமாகிறது. கேரளமும் இராசசுத்தானும் பின்னர் இம்முறையைப் பின்பற்றித் தத்தம் கழகங்களை அமைத்தன.

எல்லாம் இலவசம் என்பது முழு உண்மை அன்று. இக்கழகம் அரசு மருத்துவமனைகளில் நடத்தும் ஊடுகதிர் நிலையங்களில் சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாயும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு 2,500 ரூபாயும் என்ற அளவில் கட்டணம் பெறப்பட்டு வந்துள்ளது. வெளியே உள்ள விலையோடு ஒப்பிட இது சிறுதொகையே ஆயினும் நாட்கூலி பெறுபவருக்குச் சிறுதொகை அன்று.

காப்பீட்டுத் திட்டங்கள்

ஆந்திரப் பிரதேசம் 2007 இல் தொடங்கிய ஆரோக்கியசிறீ திட்டத்தை அடுத்து, 2009 சூலையில் உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களும் நல வாரிய உறுப்பினர்களும் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு குடும்பத்திற்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அரசு ஆண்டுக்கு 517 கோடி ரூபாயைத் தனியார் காப்பீட்டு நிறுவனத்திற்குச் செலுத்தியது. அப்பணம் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளுக்கே போய்ச் சேர்கிறது என்பது அப்போது எழுந்த முதன்மையான குற்றச்சாட்டு.

2011 இல் ஆட்சி மாறியபின் இத்திட்டம் கைவிடப்பட்டு, 2012 சனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்னும் பெயரில் புதிய திட்டம் வந்தது. காப்பீட்டாளர் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா. நான்கு ஆண்டு வரம்பு ஓராண்டு வரம்பாக மாற்றப்பட்டது. அரசு மருத்துவமனைகளும் தாம் செய்யும் அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டுத் தொகையைக் கோரிப் பெற்று, அதில் ஒரு பகுதியைத் தம் கருவிகளுக்கும் பணியாளர் ஊக்கத்தொகைக்கும் பயன்படுத்தலாம் என்பது இத்திட்டத்தின் முக்கியமான அம்சம். 2018 இல் மத்திய அரசின் பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, வரம்பு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. மத்திய அரசு 2011 ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் தகுதி பெற்ற குடும்பங்களுக்கு மட்டுமே பங்களிக்கிறது. எஞ்சியோருக்கான செலவு முழுவதும் மாநிலத்தினுடையது. 2022 இல் புதுப்பிக்கப்பட்டபோது வருமான வரம்பு 1,20,000 ரூபாயாகவும், அரசு செலுத்தும் தொகை குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 849 ரூபாயாகவும் இருந்தன.

தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை

இச்சாலையின் வடமுனையில் உள்ள தாம்பரம் சானடோரியம், அங்குள்ள தொடர்வண்டி நிலையத்திற்கும் பெயர் தந்த மருத்துவமனையாகும். மருத்துவர் சௌரி முத்து 1928 இல் காசநோயாளிகளுக்காகத் தனியார் நிறுவனமாக இதனைத் தொடங்கினார். காசநோய்க்கு அப்போது தூய காற்று, ஓய்வு, சத்துணவு தவிர வேறு மருந்து இல்லை. நகரிலிருந்து விலகிய குன்றடி நிலம் அதற்கு ஏற்றதாக இருந்தது. பல மாதங்கள் படுக்கையில் இருக்க வேண்டிய ஏழை நோயாளிகளைக் கொண்ட மருத்துவமனையைக் கட்டணத்தால் நடத்துவது எளிதன்று. 1937 இல் அரசு இதனை ஏற்றுக்கொண்டது.

அரசு மருத்துவத்திற்கு ஆதரவான வலுவான வாதம் இம்மருத்துவமனையின் வரலாற்றில் உள்ளது எனலாம். 1993 இல் இங்கு முதன்முதலாக எச்.ஐ.வி. நோயாளி அனுமதிக்கப்பட்டார். பல தனியார் மருத்துவமனைகள் எச்.ஐ.வி. உள்ளோரைச் சேர்க்க மறுத்து வந்த காலம் அது. விரைவில் நாட்டிலேயே மிகுதியான எச்.ஐ.வி. நோயாளிகளைக் கவனிக்கும் மையங்களுள் ஒன்றாக இது மாறியது. பிற மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வந்தனர். 2004 ஏப்ரலில் மத்திய அரசு கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் எட்டு மையங்களுள் தாம்பரமும் இருந்தது. இலாபம் தராத நோயையும் சமூகம் ஒதுக்கிய நோயாளியையும் சந்தை தேடி வருவதில்லை. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924 இல் தொழுநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டு, 1955 இல் மத்திய அரசால் ஏற்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் கதையும் இதுவே. சானடோரியம் பகுதியில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இயங்குகிறது.

தாம்பரத்திற்குத் தெற்கே வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர் ஆகியவை வரிசையாக அமைந்துள்ளன. முன்பு ஏரிப்பாசனச் சிற்றூர்களாக இருந்த இவை, சில பத்தாண்டுகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகளாலும் கல்லூரிகளாலும் ஆலைகளாலும் நிரம்பின. ஆயினும் காட்டாங்குளத்தூர் நிருவாக அளவில் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமே. ஒரு துணை சுகாதார நிலையத்திற்கு 5,000 மக்கள், ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு 30,000 மக்கள் என்னும் கணக்கு கிராமப்புறத்தை எண்ணி வகுக்கப்பட்டது. ஓர் ஏரிக்கரையில் சில ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் குடியேறும் புறநகருக்கு அக்கணக்கு பொருந்துவதில்லை. கிராம சுகாதார செவிலியர் பதிவேட்டில் வாடகை வீட்டுக்காரர்களும் வடமாநிலக் கட்டடத் தொழிலாளர்களும் விடுபட்டுப் போவது எளிது.

இவ்விடைவெளியைத் தனியார் நிறுவனங்கள் நிரப்பின. பொத்தேரி தொடர்வண்டி நிலையத்தை அடுத்துள்ள எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி 2005 இல் தொடங்கப்பட்டது. பொதுவாகத் தனியார் மருத்துவக் கல்லூரிகள் அங்கீகாரம் பெறவும் மாணவருக்குக் கற்பிக்கவும் படுக்கைகளில் நோயாளிகள் இருந்தாக வேண்டும். எனவே இத்தகைய மருத்துவமனைகளில் சாதாரண சிகிச்சை குறைந்த கட்டணத்தில் கிடைப்பதும், காப்பீட்டுத் திட்ட நோயாளிகள் வரவேற்கப்படுவதும் உண்டு. அரசு தானே கட்டாத படுக்கையை விலைக்கு வாங்கிக்கொள்ளும் வழி என இதனை ஆதரிப்போர் கூறுவர்.

மறைமலைநகர் ஆலைத் தொழிலாளர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. 1948 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், அதாவது இ.எஸ்.ஐ. திட்டத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் 2017 முதல் அடங்குவர். ஊதியம் ஓரளவு உயர்ந்ததும் இக்காப்பு நின்றுவிடுகிறது. அதே குடும்பம் முதலமைச்சரின் திட்டத்திற்கான வருமான வரம்பையும் தாண்டியிருக்கும். இரண்டிலும் சேராத நடுத்தர வருவாய்க் குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். அவர்களுக்கு எஞ்சுவது அரசு மருத்துவமனையின் பொது வரிசை மட்டுமே.

தென்முனையில், 1965 இல் நிறுவப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. ஜி.எஸ்.டி. சாலையின் விபத்துகளில் காயமடைவோர் பெரும்பாலும் இங்கே கொண்டுவரப்படுகின்றனர். 2008 இல் தொடங்கிய 108 அவசர ஊர்தி சேவையும், 2021 திசம்பரில் இதே சாலையில் உள்ள மேல்மருவத்தூரில் தொடங்கி வைக்கப்பட்ட இன்னுயிர் காப்போம் திட்டமும் இவ்விபத்துகளில் காயமடைவோருக்கு உதவுகின்றன. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும், அவர் எந்த மாநிலத்தவராயினும், காப்பீட்டு அட்டை இல்லாவிடினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை அரசு ஏற்கிறது. தொடக்கத்தில் ஒரு இலட்சம் ரூபாயாக இருந்த உச்சவரம்பு 2025 இல் இரண்டு இலட்சமாக்கப்பட்டது. மருத்துவமனை அரசுடையதா தனியாருடையதா என்று பார்க்காமல் அருகில் உள்ளதில் சேர்க்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். வழங்குவதும் வாங்குவதும் இணைந்து நன்கு செயல்படும் இடம் ஒன்றைக் காட்ட வேண்டுமாயின் இதனைக் காட்டலாம்.

இதே செங்கல்பட்டு மருத்துவமனையில், கோவிட் இரண்டாம் அலையின்போது 2021 மே மாதத் தொடக்கத்தில் ஓர் இரவில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தனர். ஆக்சிசன் அழுத்தம் குறைந்ததே காரணம் என உறவினர்கள் குற்றம் சாட்டினர். நிருவாகம் அதனை மறுத்தது. தனியார் மருத்துவமனைகளில் இடம் கிடைக்காமலோ பணம் இல்லாமலோ பல மாவட்டத்தினர் ஒரே அரசு மருத்துவமனையை நாடிய நாட்கள் அவை. அங்கிருந்து சிறிது தொலைவில் திருமணியில், மத்திய அரசு பல நூறு கோடி ரூபாய் செலவில் கட்டிய தடுப்பூசி வளாகம் உற்பத்தி தொடங்காமல் கிடந்தது. அதனைக் குத்தகைக்குத் தருமாறு தமிழ்நாடு அரசு அப்போது கோரியது. பொதுப்பணத்தில் கட்டடம் எழுப்புவது எளிது, இயக்குவது கடினம் என்போர் இதனையே சான்றாகக் காட்டுகின்றனர்.

பயன்கள்

2018–20 காலத்திற்கான மாதிரிப் பதிவு கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மகப்பேற்று இறப்பு ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 54. இந்திய சராசரி 97. 2020 இல் சிசு இறப்பு ஆயிரத்துக்கு 13. இந்திய சராசரி 28. 2019–21 குடும்பநல ஆய்வின்படி இங்கு ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. இரவிலும் செவிலியர் பணியில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், 2018 முதல் 18,000 ரூபாய் மதிப்புடையதாக உள்ள முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமும் இதற்குத் துணைபுரிந்தன. கல்வி, சாலை வசதி, சத்துணவு ஆகியவற்றின் பங்கும் இதில் உண்டு. மருத்துவத்துறைக்கு மட்டும் இப்பெருமையை அளித்தல் பொருந்தாது.

அதே குடும்பநல ஆய்வு வேறொன்றையும் காட்டியது. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் அறுவை சிகிச்சை மூலம் நடந்தவை. அரசு மருத்துவமனைகளில் இது சுமார் 36 விழுக்காடு. சிகிச்சைக்கு ஏற்ப வருமானம் பெறும் இடத்தில் சிகிச்சை கூடும் என்னும் வாதத்திற்கு இப்புள்ளிவிவரம் வலுச் சேர்க்கிறது. அரசு மருத்துவமனை அளவும் மிகுதிதான் என்பதையும் மறுக்க இயலாது.

குறைகள்

கூட்டம், நீண்ட காத்திருப்பு, ஒரு நோயாளிக்கு மருத்துவர் ஒதுக்கும் சில நிமிடங்கள், தூய்மைக் குறைவு ஆகியவை நோயாளிகள் அன்றாடம் கூறும் குறைகள். சக்கர நாற்காலி தள்ளவும், பிறந்த குழந்தையைக் காட்டவும் கடைநிலை ஊழியர் சிலர் கேட்கும் பணம் தொகையில் சிறிது, அவமதிப்பில் பெரிது. காத்திருப்பு வரிசை பணக்கார நாடுகளையும் விடவில்லை. இங்கிலாந்தில் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் 2022 இல் 70 இலட்சத்தைக் கடந்தது.

மாலையில் சொந்த மருத்துவகம் நடத்தும் அனுமதி, திறமையான மருத்துவர்களைக் குறைந்த ஊதியத்தில் அரசுப் பணியில் தக்கவைக்கிறது. காலையில் வந்த நோயாளியை மாலையில் தம்மிடம் வரச் சொல்லும் வாய்ப்பையும் அதுவே தருகிறது. சிற்றூர்களில் பணியாற்ற மருத்துவர்கள் முன்வருவதற்கு, பட்டமேற்படிப்பில் அரசு மருத்துவர்களுக்கான இட ஒதுக்கீடு பெரிய காரணமாக இருந்தது. இது நீதிமன்றங்களில் சிக்கலுக்குள்ளாகி, மாநிலங்கள் அவ்வாறு ஒதுக்கலாம் என 2020 இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஊதிய உயர்வு கோரி 2019 இல் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தொகுப்பூதியச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கோரிப் பலமுறை போராடியுள்ளனர்.

பொறுப்புடைமையில் ஒரு சட்ட வேறுபாடும் உண்டு. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சேவை தரும் மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் ஆகார் என 1995 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. காப்பீட்டு நிறுவனம் கட்டணம் செலுத்தினால் அது கட்டணச் சேவையாகவே கொள்ளப்படும். ஆக, ஒரே வகை அறுவை சிகிச்சையில் ஒரே வகைத் தவறு நேர்ந்தாலும், பணம் எவ்வழியில் சென்றது என்பதைப் பொறுத்து நோயாளி நுகர்வோர் மன்றத்தை அணுகும் உரிமை மாறக்கூடும்.

வழங்குவதா, வாங்குவதா

காப்பீட்டை ஆதரிப்போர், நோயாளிக்குத் தேர்வு கிடைக்கிறது, அரசு மருத்துவமனைகளும் போட்டியால் திருந்துகின்றன, இதய அறுவை போன்ற உயர் சிகிச்சைக்குப் புதிதாகக் கட்டடம் எழக் காத்திருக்க வேண்டியதில்லை என்கின்றனர். எதிர்ப்போர், பட்டியலிட்ட அறுவை சிகிச்சைகளுக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் மட்டுமே இது பயன்படுகிறது என்பதைச் சுட்டுகின்றனர். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரை இதில் அடங்காது. இந்தியக் குடும்பங்கள் கைப்பணத்திலிருந்து செய்யும் மருத்துவச் செலவில் பெரும்பகுதி இத்தகைய புறநோயாளிச் செலவே. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகச் செலுத்தும் பங்கு 2013–14 இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021–22 இல் 39.4 விழுக்காடாகக் குறைந்துள்ளது. ஆயினும் அரசின் செலவு அவ்வாண்டில் நாட்டு உற்பத்தியில் 1.84 விழுக்காடே; 2017 ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை 2025க்குள் 2.5 விழுக்காட்டை இலக்காகக் கொண்டிருந்தது.

இடைவெளியை நிரப்ப 2021 ஆகத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதித்து மாத்திரைகளை அளிக்கின்றனர். இம்மாத்திரைகள் வருவது மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கிலிருந்தே; காப்பீட்டு நிறுவனம் இதில் இல்லை. வேலைக்குச் செல்வோர் பகலில் வீட்டில் இல்லாத காட்டாங்குளத்தூர் போன்ற புறநகர்களில் கதவைத் தட்டும் இம்முறையைக் காட்டிலும், பணியிடங்களுக்குச் சென்று சோதிக்கும் முறை பொருத்தமானது. 2024 இல் அவ்வாறான விரிவாக்கமும் தொடங்கப்பட்டது.